எழுத்து உயிர், உரு உடை

(அரியலூர் மாவட்டம் இரெட்டிபாளையத்தில் நடந்த தமிழ்மொழிப் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வலைப்பக்கம் ஆக்கும்போது உள்ளீட்டை வேறாகவும் ஒப்பனையை வேறாகவும் வைக்கவேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். வரும் வழியில் பேருந்தில் என் அருகிருந்த அன்பர் ஒருவர், "ஐயா, தமிழைக் காக்கக் கூடுகிற கூட்டத்தில் கணினித் தச்சுவேலை எதற்கு?" என்று வினவினார். அவர் இந்த அவையிலும் அமர்ந்திருக்கிறார். அவர்க்கு விடை சொல்வதே என் உரை. இது தச்சுவேலை அன்று, தமிழுக்கு உயிர்வேலை. பொருளையும் கோலத்தையும் ஒன்றெனக் கருதிய பிழையால் நம் மொழி ஒரு பத்தாண்டுக் காலத்தில் எத்துணை இழந்தது என்பதை அறிந்தால், நீங்களும் அவ்வாறே சொல்வீர்கள்.

முதலில் உங்கள் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். இரெட்டிபாளையத்துச் சுண்ணாம்புக்கல் இன்று பைஞ்சுதை ஆலைக்குப் போகிறது. நாடெங்கும் வீடாகவும் பாலமாகவும் நிற்கிறது. அந்தக் கல் எப்படி வந்தது? கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் இந்த மேட்டு நிலம் கடலுக்கடியில் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும் சங்குகளும் இன்றும் இவ்வட்டாரத்துக் கற்களில் பதிந்து கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி விளையாடாத சிறுவன் இப்பகுதியில் இருக்கமாட்டான். அடுத்துள்ள பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குச் சென்றால் கல்மரத்தைக் காணலாம். ஏறத்தாழ 18 மீட்டர் நீளம். அகவை ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. பட்டையும் கணுவும் மரம்போலவே இருக்கின்றன. தொட்டுப் பார்த்தால் கல். மரத்தின் உரு எஞ்சியது, மரம் எஞ்சவில்லை.

தோழர்களே! உரு எஞ்சி உயிர் போன பொருளைக் கல்மரம் என்கிறோம். தமிழ் நூல்களையும் கல்மரங்களாக்கிவிட்டோம் என்று நான் சொன்னால் மிகையென்று எண்ணுவீர்கள். என் பட்டறிவையே சொல்கிறேன். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பல ஆண்டுகட்கு முன், கணினியச்சு நம் ஊர்களுக்குப் புதிதாக வந்த காலத்தில், உழவரும் கல்லுடைப்போரும் வழங்கும் சொற்களை நான் தொகுத்தேன். நுகம், மேழி, கொழு என நூல்களில் உள்ளவை ஒரு பங்கு. எந்த அகரமுதலியிலும் ஏறாதவை மறுபங்கு. வரகுக் கொல்லையிலும் கற்குழி ஓரத்திலும் அமர்ந்து, முதியோர் வாய்மொழியாகவே கேட்டுத் தொகுத்தேன். அவர்களுள் பலர் இன்றில்லை. அத்தொகுப்பை ஓர் அச்சகத்தில் கொடுத்துக் கணினியில் அடித்து வைத்தேன். நூலாக்கப் பொருளில்லை, ஆகவே ஒரு வட்டில் இட்டு வீட்டில் வைத்துக்கொண்டேன். காலம் கடந்தது. அச்சகம் மூடப்பட்டது. பிறிதொரு கணினியில் வட்டைத் திறந்தபோது திரை முழுதும் ஆங்கில எழுத்துகளும் கோணல்மாணல் குறிகளுமாக நின்றன. நான்காண்டு உழைப்பில் ஒரு சொல்லைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. வட்டு கெடவில்லை. அதிலிருந்த ஒரு புள்ளியும் அழியவில்லை. ஆயினும் தமிழ் அதில் இல்லை!

ஏன் இல்லை? இவ்வினாவுக்குள்தான் நம் பொருள் அடங்கியிருக்கிறது.

கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று வகுத்துக்கொள்வதையே குறியேற்றம் என்கிறோம். அவ்வெண்ணுக்குத் திரையிலோ தாளிலோ எந்த வடிவத்தைத் தீட்டுவது என்று சொல்வது எழுத்துரு. முன்னது பொருள், பின்னது கோலம். ஆங்கிலத்துக்கு இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டனர். தமிழுக்கு அவ்வாறு பொதுவான எண்ணடைவு எவர் கைக்கும் எட்டாதிருந்த நாளில், நம்மவர் ஒரு குறுக்குவழி கண்டனர். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குரிய வடிவத்தை மட்டும் தமிழாகத் தீட்டினர். கணினி தன் நெஞ்சில் ஆங்கிலத்தையே வைத்திருந்தது. முகத்தில் மட்டும் தமிழ்ப் பூச்சுப் பூசப்பட்டது.

ஒரு சான்று காட்டுகிறேன். ஈழத்தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி என்னும் எழுத்துருவில் "தமிழ்" என்னும் சொல்லை அடித்தால், கணினிக்குள் பதிவது என்ன தெரியுமா? சே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்! பாமினி எழுத்துரு இருக்கும்வரை அது தமிழ். அவ்வெழுத்துருவை நீக்கிவிட்டால் பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கல். நம் மொழியின் பெயரையே நாம் அவ்வாறு எழுதிவைத்தோம். இதனைப் படைத்தோரை நான் பழிக்கவில்லை. வேறு வழியில்லாத காலத்தில் திரையில் தமிழைக் காட்டிய உழைப்பாளிகள் அவர்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் பல நிறுவனங்கள், பல எழுத்துருக்கள், எழுத்துருவுக்கு ஒரு எண்ணடைவு என்று பெருகியபின், ஓர் இதழைப் படிக்க ஓர் எழுத்துரு, மற்றோர் இதழைப் படிக்க மற்றோர் எழுத்துரு என்றாயிற்று. தமிழன் எழுதியதைத் தமிழன் படிக்க இடையில் ஒரு விற்பனைப் பொருள் நின்றது.

இந்நிலையை மாற்ற முயன்றோர் இருந்தனர். 1995-இல் சிங்கப்பூரில் பேராசிரியர் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழ்ப் பாக்களை ஏற்றி வழிகாட்டினார். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தோன்றியது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கலியாணசுந்தரம் முதலானோர், பல நாட்டுத் தமிழரைக் கூலியின்றி உழைக்கச் செய்து, பழந்தமிழ் நூல்களை மின்னெழுத்தாக்கினர். 1999 பிப்பிரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாய்த் "தமிழ் 99" விசைப்பலகையும், "தாம்", "தாபு" என்னும் இரு குறியேற்றங்களும் அரசின் ஏற்பைப் பெற்றன. அயல்நாடுகளில் "திசுக்கி" என்னும் குறியேற்றம் பரவியது. பலவாகச் சிதறிக் கிடந்தவை சிலவாகக் குறைந்தன. ஆயினும் ஒன்றாகவில்லை.

இப்போது வலைப்பக்கத்துக்கு வருவோம். செனீவாவில் உள்ள அணுத்துகள் ஆய்வகத்தில் பணியாற்றிய திம் பெர்னர்சு-லீ என்பார் 1989-இல் முன்மொழிந்து 1991-இல் உலகறியச் செய்ததே வலை. வலைப்பக்கம் மீயுரைக் குறிமொழியில் எழுதப்படும். அக்குறிமொழியின் முதல் நோக்கம் மிக எளியது. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது அழுத்திச் சொல்ல வேண்டிய சொல் என்று ஒவ்வொன்றும் இன்னதென உரைப்பதே அது. தலைப்பைச் சிவப்பாய்க் காட்டவேண்டுமா, பெரிதாய்க் காட்டவேண்டுமா என்பது அதன் கவலையன்று.

பின்னர் வணிகர் நுழைந்தனர். பக்கம் பளபளக்க வேண்டும் என்றனர். எழுத்துருவின் பெயரையும் பருமனையும் நிறத்தையும் உரைக்குள்ளேயே திணிக்கும் ஒட்டுகள் பெருகின. ஒரு பக்கத்தில் நூறிடத்தில் "இது சிவப்பு" என்று எழுதினால், நிறத்தை மாற்ற நூறிடத்திலும் கைவைக்க வேண்டும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1994-இல் ஓக்கன் வியும் இலீ என்னும் நார்வே நாட்டு அறிஞர் ஒரு வழி கூறினார். உரை ஒரு தாளில் இருக்கட்டும். ஒப்பனைக் கட்டளைகள் தனியாக வேறொரு தாளில் இருக்கட்டும் என்றார். அதுவே அடுக்கு நடைத்தாள். பெர்ட்டு பாசு என்பாரும் உடனுழைத்தார். 1996 திசம்பரில் அது வலையின் நெறியாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு திசம்பரில் வந்த குறிமொழியின் நான்காம் பதிப்பு, எழுத்துரு ஒட்டைக் கைவிடத்தக்கது என்று அறிவித்துவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டை நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஆங்கிலப் பக்கத்தில் எழுத்துரு ஒட்டு பிழைபட்டால் என்ன நேரும்? அழகு குறையும், அவ்வளவே. உருண்டை எழுத்துக்குப் பகரமாய்ச் சதுர எழுத்துத் தோன்றும். படிப்பவன் படித்துக்கொண்டே போவான். தமிழ்ப் பக்கத்தில் அதே ஒட்டு பிழைபட்டால்? தமிழே மறையும்! ஆங்கிலேயனுக்கு எழுத்துரு ஓர் உடை. கழற்றினால் ஆள் இருப்பான். நமக்கோ உடைக்குள் ஆளே இல்லை. உடையைக் கழற்றினால் வெறும் வைக்கோற் பொம்மை. உள்ளீட்டையும் ஒப்பனையையும் பிரிக்கவேண்டும் என்பது மேலைநாட்டானுக்கு வேலையை எளிதாக்கும் நெறி. தமிழனுக்கோ அது மொழி இருப்பதா இல்லாதொழிவதா என்னும் வினா.

இந்த நெறி மேலையர் கண்டுபிடித்துத் தந்ததென்று எண்ணித் தலைகுனியவும் வேண்டா. எழுத்து வேறு, அதன் வரிவடிவம் வேறு என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் எழுத்தின் பிறப்பைச் சொல்லும்போது நெஞ்சையும் மிடற்றையும் நாவையும் இதழையும் சொல்கிறார். எழுத்தென்பது முதலில் ஒலி. அதைக் குறிக்கும் கோடும் புள்ளியும் அதன் பின் வருவன. அதனாற்றான் தமிழியிலும் வட்டெழுத்திலும் இன்றைய எழுத்திலும் ககரம் ககரமாகவே இருக்கிறது. வடிவம் மட்டும் தலைகீழாய் மாறியிருக்கிறது. இம்மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் செல்லுங்கள். இராசேந்திர சோழன் எடுத்த கோயிலின் கல்வெட்டை உங்கள் மகன் படிக்கத் திணறுவான், கற்றார் ஒருவர் படித்துக் காட்டினால், "ஆ, இது தமிழ்தானே!" என்பான். கோலம் மாறியும் பொருள் மாறவில்லை.

அதே நேரத்தில், கோலம் பொருளை விழுங்கிய கதையும் நமக்குண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளியிட வேண்டும் என்பது தொல்காப்பிய நெறி. எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி உண்டு. ஆனால் பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆதலால் எழுதினோர் புள்ளியை விட்டனர். மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றுபோல் தோன்றின. குறிலும் நெடிலும் மயங்கின. காலும் ரகரமும் வேறுபாடற்றன. எழுதுபொருளுக்காக எழுத்தையே விட்டுக்கொடுத்தோம். பிற்காலத்தில் சி.வை. தாமோதரனாரும் உ.வே. சாமிநாதரும் ஓர் அடியின் பாடத்தைத் துணிய நாட்கணக்காய் விழித்திருந்ததற்கு இதுவும் ஒரு கரணியம்.

இம்மயக்கத்தின் ஒரு கூற்றைத் தீர்த்தவர் உங்கள் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர். இத்தாலியில் பிறந்து, தமிழ் கற்று, தேம்பாவணி பாடி, 1732-இல் சதுரகராதி தந்த வீரமாமுனிவரே அவர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெளிவாய்த் தோன்ற உருவமைத்த பெருமையை அவர்க்கே உரியதாகக் கூறுவர். அவர் புது எழுத்தைப் படைக்கவில்லை. ஐந்து குறிலும் ஏழு நெடிலும் முன்பே இருந்தன. உருவின் குறையால் மறைந்து கிடந்த எழுத்தை உருவின் திருத்தத்தால் வெளிக்கொணர்ந்தார். நல்ல ஒப்பனையின் கடமை இதுதான். பொருளை மறைக்காது விளக்கி நிற்பதே அது.

அடுத்து, பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை எண்ணிப் பாருங்கள். ணா, றா, னா ஆகியவற்றின் சுழித்த பழைய வடிவங்களையும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவங்களையும் நீக்கி 1935-இல் குடியரசு இதழில் அவர் புது வடிவம் புகுத்தினார். 1978-இல் தமிழ்நாட்டரசு அதனை ஆணையாக்கியது. இன்று கணினியில் "மலை" என்று எழுதியுள்ள ஒருரையைப் பழைய துதிக்கை லையோடு காட்டவேண்டுமா? உரையில் ஓர் எழுத்தையும் தொடவேண்டா. எழுத்துருவை மாற்றினால் போதும். ஏனெனில் இரண்டும் ஒரே லகர ஐகாரம். சீர்திருத்தம் மாற்றியது உடையைத்தான்.

ஆனால் "ஐயா" என்பதை "அய்யா" என்றெழுதினால்? அங்கே உடை மாறவில்லை, எழுத்தே மாறுகிறது. கணினியில் ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. நம் இயக்கத்தார் மொழிமுதல் ரகரம் வாராது என்னும் இலக்கணம் போற்றி, "இரெட்டிபாளையம்" என்றெழுதுகிறோம். அரசேடுகளில் "ரெட்டிபாளையம்" என்றிருக்கிறது. தேடுபொறிக்கு இவை இருவேறு ஊர்கள்! அதற்காக இலக்கணத்தைக் கைவிடச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். எது கோலமாற்றம், எது பொருள்மாற்றம் என்று தெரிந்தே செய்யுங்கள் என்கிறேன். பொருளை மாற்றும் இடத்தில் பிற வழக்கையும் ஒரு மூலையில் குறித்துவைத்தால், தேடி வருவோன் நம் வாயிலை அடைவான்.

இனி ஒருங்குறிக்கு வருகிறேன். யூனிகோடு என்று உலகம் வழங்கும் இக்குறியேற்றம் 1991-இல் வெளிவந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தருவது அதன் நோக்கம். தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் கிடைத்தது. முன்னைய எழுத்துருக்கள் கண் கண்டபடி பதித்தன. "கொ" என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியோ செவி கேட்டபடி பதிக்கிறது. முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. கொம்பை இடப்பக்கம் இடுவதும் காலை வலப்பக்கம் இடுவதும் எழுத்துருவின் வேலை. தொல்காப்பியர் கண்ட ஒலிமுறைக்கு இது எவ்வளவு அணுக்கம் என்று பாருங்கள்!

ஆயினும் நமக்கு இதிலும் ஒரு குறையுண்டு. அதனை மறைக்க மாட்டேன். க் என்பது அடிப்படை மெய், க என்பது க் கூட்டல் அ, இது தமிழிலக்கணம். ஒருங்குறியில் க என்பதே அடிப்படை; புள்ளி சேர்த்தால்தான் க். வடபுல எழுத்துகளுக்கு வகுத்த அடைவைத் தமிழுக்கும் பொருத்தியதால் நேர்ந்த திரிபு இது. இதற்கு மாற்றாக, எல்லா உயிர்மெய்களுக்கும் தனித்தனி இடந்தரும் "டேசு 16" என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தை அறிஞர் வகுத்தனர். 2010 சூன் திங்களில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, தமிழ்நாட்டரசு ஒருங்குறியைப் பொதுத்தரமாகவும் டேசு 16-ஐ மாற்றுத்தரமாகவும் அறிவித்தது. அதே ஆண்டில், கிரந்த எழுத்துகள் சிலவற்றைத் தமிழ்க் கட்டத்துக்குள் புகுத்த ஒரு முன்மொழிவு எழுந்தது, தமிழறிஞர் எதிர்த்தனர், அரசும் தடைசொன்னது. 2014-இல் வந்த ஒருங்குறியின் ஏழாம் பதிப்பில் கிரந்தம் தனக்கெனத் தனிக் கட்டம் பெற்று அங்கே அமைந்தது. கட்டத்துக்குள் எவ்வெழுத்து இருக்கவேண்டும் என்பது உள்ளீட்டுச் சிக்கல். அங்கே போராடுவது நம் கடமை. ஆனால் அந்த வழக்கு முடியும்வரை எழுதமாட்டோம் என்றிருந்தால் இழப்பு யார்க்கு? ஒருங்குறியில் எழுதியதை நாளை வேறோர் அடைவுக்கு ஓர் எழுத்தும் சிந்தாமல் மாற்றலாம். பெயரறியா எழுத்துருவில் எழுதியதை மாற்ற, முதலில் அதைப் படிக்கவே வழிதேட வேண்டும்.

என் வட்டின் கதை என்னாயிற்று என்று கேட்பீர்கள். பழைய தாள்களுக்கிடையே அச்சகத்தார் தந்த மெய்ப்புத்தாள் ஒன்று கிடைத்தது. ஒரே ஒரு தாள்! என் மாணவன் ஒருவன் அத்தாளையும் திரையில் நின்ற கிறுக்கலையும் அருகருகே வைத்து, இக்குறிக்கு இவ்வெழுத்து என்று இரவிரவாகப் பட்டியலிட்டான். பிறகு ஒரு மாற்றுக்கருவி எழுதி, கொம்புகளை இடம் மாற்றி, எல்லாவற்றையும் ஒருங்குறிக்குக் கொணர்ந்தான். தமிழ் மீண்டது, நான் கண்ணீர் விட்டேன்.

ஆனால் முழுதும் மீளவில்லை. தலைச்சொற்களைத் தடித்த எழுத்தாலும், பொருளைச் சிற்றெழுத்தாலும், அச்சொல் வழங்கும் ஊரைச் சாய்வெழுத்தாலும் நான் காட்டச் சொல்லியிருந்தேன். "இது தலைச்சொல்", "இது பொருள்", "இது ஊர்" என்று எங்கும் குறிக்கவில்லை. எல்லாம் தோற்றத்திலேயே அடங்கியிருந்தது. எழுத்துகளை மட்டும் மீட்டபோது தடிப்பும் சாய்வும் உதிர்ந்தன. எது சொல், எது பொருள், எது ஊர் என்று தெரியாத ஒரே நீளவரிசையாய் அது நிற்கிறது. எனக்குத் தெரிந்த சொற்களைப் பிரித்துவிட்டேன். சிலவற்றில், "இது சொல்லா, ஊரா?" என்று நானே திகைக்கிறேன். சொல்லித் தந்தவர்களைக் கேட்கலாமென்றால், அவர்கள் மண்ணுக்குள் உறங்குகிறார்கள். குறை அச்சகத்தாருடையதன்று, என்னுடையது.

இதிலிருந்து நான் கற்றவற்றை உங்களுக்குச் சில கடமைகளாக வைக்கிறேன்.

முதலாவது: எதை எழுதினாலும் ஒருங்குறியில் எழுதுங்கள். அச்சகங்கள் பலவற்றில் இன்றும் பழைய எழுத்துருக்களே வழங்குகின்றன. அச்சுக்காக அவ்வாறு மாற்ற நேர்ந்தால் மாற்றிக்கொள்ளட்டும். மூலம் ஒருங்குறியில் உங்கள் கையில் இருக்கட்டும். மலரும் அழைப்பும் துண்டறிக்கையும் படமாக மட்டும் ஏற்றப்படுகின்றன. படத்துக்குள் அடைத்த தமிழ் சிப்பிக்கல்லில் அடைத்த சிப்பி போன்றது. காணலாம், தேட முடியாது.

இரண்டாவது: கண்ணை நம்பி எழுத்திடாதீர்கள். ஔவை என்னும் பெயரில் முதலெழுத்து ஔகாரம் என்னும் ஒரே எழுத்து. நம்மவர் பலர் ஒகரத்தை அடித்து அருகில் ளகரத்தை அடித்துவிடுகின்றனர். காண்பதற்கு ஒன்றே, கணினிக்கோ அது "ஒ-ள-வை". தமிழெண் எழுதும் ஆர்வலர்களும் ஏழுக்கு எகரத்தையும் எட்டுக்கு அகரத்தையும் இடுகின்றனர். ௭, ௮ என்று அவற்றுக்குத் தனி இடம் உண்டு. ஒத்த தோற்றம் ஒத்த பொருளாகாது.

மூன்றாவது: வலைப்பக்கம் அமைக்கும் இளைஞர்களே! தலைப்பைத் தலைப்பு என்று குறியுங்கள். பெரிதாக்கித் தடிப்பாக்கித் தலைப்புப்போல் காட்டாதீர்கள். பட்டியலைப் பட்டியல் என்றும், பாட்டின் அடியை அடி என்றும் குறியுங்கள். நிறமும் பருமனும் இடைவெளியும் நடைத்தாளில் இருக்கட்டும். அவ்வாறு செய்தால் அதே உரை பெருந்திரையிலும் ஒளிரும், கைப்பேசியின் சிறுதிரையிலும் அடங்கும், தாளிலும் அச்சாகும். எல்லாவற்றினும் மேலாக, பார்வையற்ற நம் உடன்பிறந்தார் திரைபடிப்பியின் துணையால் அதனைக் கேட்பர். திரைபடிப்பிக்குச் சிவப்பும் பருமனும் தெரியா. "இது தலைப்பு" என்று நீங்கள் சொன்னால்தான் அது தெரிந்துகொள்ளும். அவர்களுக்கும் தமிழ் உரியது அன்றோ?

நான்காவது: உங்கள் ஊரில் யாரிடமேனும் பழைய வட்டுகள் இருந்தால் தேடி எடுங்கள். சிற்றிதழ், ஊர் வரலாறு, பாட்டுத் தொகுப்பு எதுவாயினும், அதன் அச்சுத்தாள் ஒன்றையாவது உடன் எடுத்து வையுங்கள். அந்த ஒரு தாள்தான் பூட்டைத் திறக்கும் திறவுகோல். வட்டு துருவேறிக்கொண்டிருக்கிறது; உடையவர் முதுமையடைந்துகொண்டிருக்கிறார். காலந்தாழ்த்தாதீர்கள்.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் அழகு வேண்டாவா? தமிழெழுத்தின் வளைவும் நெளிவும் வெறும் பூச்சா?" என்று ஒருவர் கேட்கலாம். வேண்டும், தோழர்களே! மிக வேண்டும். 2003-இல் கனடா நாட்டு வலைஞர் ஒருவர் ஒரே உரையை வைத்து, நடைத்தாளை மட்டும் மாற்றி, எவர் வேண்டுமாயினும் அழகுசெய்து காட்டலாம் என்று உலகை அழைத்தார். ஓர் எழுத்தும் மாறாமல் அவ்வுரை நூற்றுக்கணக்கான கோலங்களில் மலர்ந்தது. பிரித்து வைத்ததால் அழகு குன்றவில்லை, கட்டறுத்துப் பெருகியது. உடலோடு தைத்த உடை அணியன்று, விலங்கு. நம் தமிழ் தமிழியாகவும் வட்டெழுத்தாகவும் ஓலையெழுத்தாகவும் அச்செழுத்தாகவும் உடைமாற்றி வந்ததனாற்றான் இன்றும் இளமையோடு நிற்கிறது.

பேருந்தில் வினவிய அன்பரே! பிறசொல் கலவாது எழுதுகிறோம், நன்று. ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பார்த்து எடுக்கிறோம், நன்று. அவ்வாறு எழுதிய தூயதமிழின் உள்ளே ஆங்கிலக் குறிகள் ஒளிந்திருக்குமானால், அந்தத் தூய்மை யாருக்குக் காட்ட? முகத்தில் தமிழ், நெஞ்சில் அயன்மை என்று வாழ்வாரை நாம் கடிந்துரைக்கிறோம். நம் ஏடுகளே அவ்வாறு இருக்கலாமா?

சாத்தனூர்க் கல்மரம் காட்சிக்கு இருக்கட்டும். நாம் வைத்துச் செல்வது நாளை துளிர்க்கும் விதையாக இருக்கட்டும். இன்றிரவே வீட்டுப் பெட்டியைத் திறந்து, முதல் வட்டைத் தேடுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர்!